கடைசிக் கைப்பிடி

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பா நலம். முழங்கால் வலி குறைந்து, கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமலே மாடிப்படி இறங்குகிறார். நானும் நலம் என்றுதான் அடுத்த வரி எழுத வேண்டும். கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

நீ இருமுறை போன் செய்தாய். அம்மா அடுப்பில் வேலையாக இருக்கிறாள் என்று அப்பா சொல்லியிருப்பார். அடுப்பில் ஒன்றும் இல்லை. உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அழுவேன். அழுதால் நீ என்னைத் தேற்றுவாய். உன்னிடம் ஆறுதல் வாங்கிக்கொள்ள எனக்கு இப்போது முகமில்லை. அதனால்தான் கடிதம். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். உன் பாடப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்துதானே இது.

சமையலறைக் குழாய் ஒழுகியதை ஆள் வைத்துச் சரிசெய்தாயிற்று. வெள்ளிக்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். லைசென்ஸ் கையில் வந்ததும் எல்லோருக்கும் இனிப்பு என்று நான் முன்கூட்டியே தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன் அல்லவா. எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "வானத்துல குதிக்கிறதுக்கு எதுக்குங்க லைசென்ஸ்? அங்க யாரு வழியில நிறுத்திக் கேக்கப் போறா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னும் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். யாரால் வரவில்லை என்று சொல்லவில்லை.

அன்று நடந்ததை நீ அறிவாய். என் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

காலையில் அந்தப் பயிற்சித் திடலில் நீ எனக்கு உன் பாராசூட் பையைக் காட்டிக்கொண்டிருந்தாய். தரையில் விரித்த பாயில் அதை வைத்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாய்ச் சொன்னாய். மார்பின் வலப்பக்கம் இருக்கும் சிவப்புக் கைப்பிடி, முதல் பாராசூட் சரியாக விரியாவிட்டால் அதைக் கழற்றிவிட. இடப்பக்கம் இருக்கும் வெள்ளிக் கைப்பிடி, இரண்டாவது பாராசூட்டைத் திறக்க. அதைத் தொட்டுக் காட்டி, "இதுதாம்மா கடைசி. இதுக்கு அப்புறம் ஒண்ணும் கிடையாது" என்று சிரித்தாய். உனக்கு அது பாடம். எனக்கு அப்படியில்லை. இன்று இந்தப் பரிட்சைக் குதிப்பு முடிந்தால் லைசென்ஸ், பிறகு பயிற்சியாளர் யாரும் கூடக் குதிக்கமாட்டார்கள், நான் தனியாகத்தான் என்றும் சொன்னாய். உனக்கு அதில்தான் சந்தோஷம். எனக்கு 'தனியாக' என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

பெயர் கொடுக்க நீ உள்ளே போனாய். போகும்போது, "இதைக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றாய்.

பார்த்துக்கொண்டேன். சாமி பாதத்தில் வைத்து வாங்கிவந்த கயிறு என் பையில் இருந்தது. உன் கையில் கட்டத்தான் கொண்டுவந்தேன். நீ வேண்டாம் என்பாய் என்று தெரியும். கடைசிக் கைப்பிடிக்கு அப்புறம் ஒன்றும் இல்லை என்றாயே, அங்கே சாமியாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த வெள்ளிக் கைப்பிடியையும் அதை ஒட்டிய தோள்வாரையும் சேர்த்துச் சுற்றி, காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று இறுக்கி முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகினேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன். நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

விமானம் சீக்கிரமே கிளம்புகிறது என்று சத்தம் வந்ததும் நீ ஓடிவந்து அள்ளி மாட்டிக்கொண்டு போனாய். ஏறும் இடத்தில் ஒவ்வொருவரையும் சோதிக்கிற அந்தப் பெண், நீங்கள் எல்லோரும் மடிப்பக்கா என்று கூப்பிடுகிறீர்களே, பாராசூட் மடிப்பவர், அவர் உன் மார்பில் கைவைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு எல்லோரும் கூடிவிட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் யார் கட்டியது என்று கேட்டார். நான் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தேன். நீ என் பக்கம் ஒரே ஒரு பார்வை பார்த்து, லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, "நான்தான் சார் கட்டினேன்" என்றாய்.

பாதி எழுந்தவள் உட்கார்ந்துவிட்டேன், மகளே. உன் தலையாட்டலை எனக்குச் சாக்காக எடுத்துக்கொண்டேன். உன்னோடு படிக்கிற ஒருவன், "என்னப்பா, உங்க சாமிக்கு பாராசூட் மேல நம்பிக்கை இல்லியா?" என்றதும் நாலு பேர் சிரித்தார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "இன்னிக்கு நீ ஏற வேணாம். இனிமே எப்பன்னு நான் சொல்றேன்" என்று அவர் உன் பையைக் கழற்றச் சொன்னார். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நேரமாகவில்லை. நிலையத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டுக் கயிற்றுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். வீட்டு வரவு செலவில் ஒரு நாளும் கணக்கு உதைக்காமல் பார்த்துக்கொள்கிறவள் நான். என் கை தப்புச் செய்யாது என்று ஒரு எண்ணம். வீட்டுக்கு வந்து விளக்கேற்றி உட்கார்ந்தால், சாமியிடம் பேச வாய் வரவில்லை. உன்னை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்ததை அங்கே எப்படிச் சொல்வது? உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். "அவ விமானத்துலேர்ந்தே குதிக்கிறா. நீ நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நீ வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து நான் திரும்பவும் அங்கே போனேன். உன்னிடம் சொல்லவில்லை. கொட்டகையில் தலைமைப் பயிற்சியாளரும் மடிப்பக்காவும் மட்டும் இருந்தார்கள். கட்டியது நான், அவள் இல்லை என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அந்த முடிச்சைப் பாத்தப்பவே தெரிஞ்சுதும்மா. இந்தப் பிள்ளைங்க யாருக்கும் அவ்வளவு ஒழுங்கா முடிச்சுப் போட வராது" என்றார்.

நீங்கள் பழகுவதற்காக உத்தரத்திலிருந்து வார்களைத் தொங்கவிட்டிருக்கிறார்களே, அதில் என்னை உட்காரச் சொன்னார். எதற்கு என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. மடிப்பக்கா கால்பட்டையையும் மார்புப்பட்டையையும் மாட்டி இழுத்துவிட்டதும் கால் தரையை விட்டு எழும்பியது. இந்த வயதில் சந்தையில் மாட்டிவைத்த பூசணிக்காய் போல ஆடிக்கொண்டிருந்தேன். வேறொரு நாளாக இருந்தால் நீயும் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். எனக்கென்று வாங்கிய கயிறு ஒன்று பையில் இருந்தது. "அன்னிக்கு எப்படிக் கட்டினீங்களோ அப்படியே கட்டுங்க" என்றார். கட்டினேன்.

"முதல் பாராசூட் சரியா விரியல. சிவப்பை இழுத்தாச்சு, அது போயிடுச்சு. இப்ப வெள்ளியை இழுங்க" என்றார்.

இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். கயிறு விரலில் இறங்கியது. என் முடிச்சு எங்கே அவிழும்? "இன்னும் இழுங்கம்மா" என்றார், திட்டுகிற குரலில் இல்லை. காலை உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் மெதுவாக, "போதும்மா" என்றார்.

எதற்குப் போதும் என்று அவர் சொல்லவில்லை.

கத்தரிக்கோல் கேட்டேன். "நீங்களே அவுத்துடுங்க" என்று மடிப்பக்கா சொன்னார். தொங்கிக்கொண்டே நகத்தால் பிரித்தேன். பிரிய வெகுநேரம் ஆயிற்று. மேலே அவ்வளவு நேரம் யாருக்கும் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கீழே இறங்கியதும், எல்லாத் தப்பும் என்னுடையது, அவளுக்கு லைசென்ஸ் கொடுத்துவிடுங்கள் என்று கைகூப்பினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டினது உங்க தப்பு. மாட்டிக்கறதுக்கு முன்னாடி பாக்காதது அவ தப்பு. அதையும் சேத்து நீங்க வாங்கிட்டுப் போக முடியாதும்மா" என்றார். நீ பொய் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை. இங்கே ஒருவர் சொல்லை நம்பித்தான் இன்னொருவர் குதிக்கிறார் என்றார். ஆனாலும் கதவை அடைத்துவிடவில்லை. தரையில் செய்கிற சோதனைகளை எல்லாம் நீ மறுபடி முதலிலிருந்து செய்து காட்ட வேண்டும். பிறகு அதே பரிட்சைக் குதிப்பு. இந்த வாரமே உன்னைக் கூப்பிடுவார். நான் வந்து போனதை அவர் சொல்லமாட்டார், நானேதான் உனக்குச் சொல்ல வேண்டும் என்றார். சொல்லிவிட்டேன்.

உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டியதை, இருவர் மட்டும் இருந்த கொட்டகையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அது ஈடாகாது என்று எனக்குத் தெரியும். பரிட்சை அன்று நீ வரச் சொன்னால் வருகிறேன். அந்தப் பையன்களையும் வைத்துக்கொண்டே சொல்கிறேன். வரவேண்டாம் என்றால் இங்கேயே உட்கார்ந்து கும்பிடுகிறேன். கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. எந்த உயரத்திலும் உனக்கு நிதானம் தப்பாமல் இருக்கட்டும். எந்தக் கைப்பிடியை நீ இழுத்தாலும் அது தடங்கலில்லாமல் உன் கையோடு வரட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி நான் அங்கே வந்தாலும் உன் பையை என் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகாதே. போக நேர்ந்தால், அம்மாதானே இருந்தாள் என்று அப்படியே மாட்டிக்கொள்ளாதே. நான் பார்த்துக்கொண்டே இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றாய்த் தொட்டு, அசைத்துப் பார்த்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா