அத்தானிடம் சொல்லாதது

மார்ச் 3, செவ்வாய்
அத்தான் அக்காவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார். ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர், வீட்டில் தோற்றுப்போகிறார். "மாப்ள, பிரேக்கை மிதிடின்னா உங்கக்கா என் மானத்தை மிதிக்கிறா." மாடியில் என் அறை வரை சிரிப்புச் சத்தம்.

மார்ச் 4
வங்கியில் சந்தேகக் கணக்குகளைப் பார்ப்பதுதான் என் வேலை. இன்று ஒரு நிவாரண நிதி. பலர் மாதாமாதம் சிறு தொகை போடுகிறார்கள். நிவாரணத்துக்கு ஒரு காசு போகவில்லை. பணம் போவது ஊருக்கு வெளியே ஒரு கிடங்கின் வாடகைக்கு. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத ஒருவர் பெயரில் மூட்டை மூட்டையாக உரம். உரம் வெடிமருந்தாகும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருக்கிறார்கள். நிதியை நடத்துபவன் அத்தானிடம் கார் பழகியவன். பணம் போட்டவர்கள் பட்டியலில் அத்தான்.

மார்ச் 5
மேலாளரிடம் சொன்னேன். "இதுல எங்க அத்தான் இருக்கார் மேடம். நான் பார்க்கக் கூடாது." ஃபைலை வாங்கிக்கொண்டார். "இன்னிக்கே அரசுக்கு அறிக்கை போயிடும். வீட்ல மூச்சு விடாதீங்க. விட்டா உங்க மேலயும் கேஸ்."
தெரியும். புதியவர்களுக்கு அந்த விதியைப் பாடம் எடுப்பதே நான்தான்.

மார்ச் 9
"என்ன மாப்ள, முகம் தொங்குது? பொண்ணு விஷயமா?" என்றார் அத்தான். சிரித்து வைத்தேன்.
தெரிஞ்சா பணம் குடுத்திருப்பார்? யார் கேட்டாலும் குடுப்பார், அவ்ளோதான் அந்த மனுஷன் —

மார்ச் 11
அத்தானிடம் சொல்லிவிட வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

மார்ச் 17
அதிகாரிகள் இருவர் வந்து அத்தானை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். மாலையில் விட்டுவிட்டார்கள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் அக்கா. ஆமென்று தலையாட்டினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 26
கிடங்கில் வெடிமருந்து சிக்கியது. நிதி நடத்தியவனும் பிடிபட்டான். அத்தான் பள்ளியைத் திறக்கவில்லை. நான் ஹோட்டலில் சாப்பிடுகிறேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு
அத்தான் மாடிக்கு வந்து கட்டில் நுனியில் உட்கார்ந்தார்.
"நீ சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா மாப்ள? நேரா அவனுக்குப் போன் போட்டு, ஏண்டா, இப்படிச் சொல்றாங்களே, நெசமான்னு கேட்டிருப்பேன்." சற்று நிறுத்தினார். "அவன் கிடங்கைக் காலி பண்ணிட்டு ஓடியிருப்பான்."

"உங்கக்காவுக்கு நான் சொல்லிக்கறேன். நீ கீழ வந்து சாப்பிடு."
அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால், நான் போதும் போதும் என்றும் கேட்காமல் என் தட்டில் சோறு வைத்துக்கொண்டே இருந்தாள்.