வீட்டிலிருந்து வருகிற சோறு

அரியாங்குப்பம்,
பவ வருஷம் மாசி மாதம், திங்கட்கிழமை.

பாகூர் பலராமன் மனைவி சௌபாக்கியவதி செங்கமலத்துக்கு, அரியாங்குப்பத்தில் ஆலைக்குப் போகிறவர்களுக்கு வாரக் காசு வாங்கிச் சோறு போடும் கனகாம்பாள் எழுதிக்கொண்டது. நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நானும் சௌக்கியமாகத்தான் இருந்தேன், இன்று காலை வண்டிக்கார ஆதிமூலம் என் வாசலில் நின்று நீ சொல்லியனுப்பியதை ஒப்பிக்கும் வரைக்கும்.

அவர் ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. வாரம் தவறாம காசை வாங்கிக்கினு இன்னா சோறு போடுறாளாம் அந்த அம்மா, பொங்கலுக்கு வந்த மனுசன் எலும்பும் தோலுமா நிக்கிறாரு, என் வூட்டுக்காரரு வயித்துல அடிச்சு எத்தினி நாளைக்குப் பொழைப்பா என்று நீ கேட்டதாகத் தெருவே கேட்கும்படி சொன்னார். எதிர்வீட்டுக்காரி துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்துபோயிற்று.

அம்மா செங்கமலம், நீ என்னைப் பார்த்ததில்லை, நானும் உன்னைப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு இந்த அடுப்பை நம்பித்தான் இருக்கிறேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்து படித்ததால், உனக்குப் பதிலை ஆதிமூலம் வாயில் கொடுக்காமல் காகிதத்தில் எழுதுகிறேன். என் பந்தியில் உட்கார்ந்த ஆள் பாதி வயிற்றோடு எழுந்தார் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

நான் எப்படிச் சோறு போடுகிறேன் என்று கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள். சனிக்கிழமை ஆலையில் சம்பளம் போட்டால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போவேன். விடியற்காலையில் போகமாட்டேன், கடை கட்டுகிற நேரமாகப் பார்த்துப் போவேன். வாடின கத்தரிக்காய்க்கு அப்போது யாரும் பேரம் பேசுவதில்லை, குழம்பில் விழுந்த பிறகு அது வாடினதா வாடாததா என்று யாரும் கேட்பதுமில்லை. அரிசி பாதி, நொய் பாதி. அரிசி அரை வேக்காடு வந்த பிறகு நொய்யைப் போட்டால் சோறு குழையாது, தின்கிறவருக்கு நொய் என்றே தெரியாது. வீராம்பட்டினத்துப் பெண்கள் மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது கூடையின் அடியில் கிடக்கிற சூடை, காரப்பொடி என்கிற பொடி மீன்களைச் சும்மா கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டுப் போவார்கள். அது வாரத்தின் முன்பாதிக்கு. பின்பாதியில் கை சுருங்கும்போது கருவாடு. ஒரு துண்டு போட்டால் ஒரு சட்டி மொச்சைக் குழம்பும் மணக்கும். இரண்டு ராத்திரி கேழ்வரகுக் களி. முருங்கைக்கீரை என் வேலியிலேயே இருக்கிறது. வடித்த கஞ்சியைக்கூட நான் கீழே ஊற்றமாட்டேன், உப்பும் வெங்காயமும் போட்டு விடியற்காலையில் ஆலைக்குப் போகிறவர்களுக்குக் கொடுப்பேன். குறைந்த காசுதான், ஆனால் சோற்றோடு ஒரு குழம்பும் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் இந்த வீட்டில் இலை விழாது.

தீபாவளிக்குப் பிறகு ஆலை வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது. உனக்கு அதை அவர் சொன்னாரோ என்னவோ. மற்றவர்கள் வந்து, அக்கா, இனிமேல் காசு குறையும் என்றார்கள். நான் மீனைக் குறைத்தேன், ஆளைக் குறைக்கவில்லை. உன் வீட்டுக்காரர் மட்டும் கார்த்திகை மாதத்தில் ஒருநாள் வந்து, இனிமே எனக்கு எலை போட வேணாம்க்கா, வூட்லேர்ந்து வாராவாரம் வண்டியில அரிசியும் கேவுரும் அனுப்புறாங்க, நானே பொங்கித் துன்னுக்கிறேன் என்றார். அன்றிலிருந்து அவர் என் இலையில் உட்காரவில்லை, அவர் காசும் என் கைக்கு வரவில்லை.

எனக்கு அப்போதே மனத்தாங்கல்தான். தம்பி, தம்பி என்று பார்த்துப் பார்த்துப் போட்டவள் நான். என் சோறு உன் புருஷனுக்கு வேண்டாம் என்று நினைத்தால் அது உன் இஷ்டம். நிறுத்தவும் நிறுத்திவிட்டு, காசு வாங்கிக்கொண்டு பட்டினி போடுகிறேன் என்று ஊர் ஊராகச் சொல்லியனுப்புவது எந்த நியாயம் என்று நீயே சொல். ஆதிமூலம் சாயங்காலம் டவுனிலிருந்து திரும்புவார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை.

அன்றைக்கு இந்தக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன், காகிதம் விலை கொடுத்து வாங்கினதாயிற்றே என்று விட்டுவிட்டேன். தவிர அந்தக் கோபம் பொய்யில்லை, அதுவும் உன்னிடம் வந்து சேரட்டும்.

நடந்தது இதுதான். சாயங்காலம் ஆதிமூலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினார். கடிதத்தை நீட்டிக்கொண்டே, வாராவாரம் பலராமனுக்கு மூட்டை கொண்டுவருகிறீரே, அதையும் நான்தான் தின்கிறேன் என்று அந்தப் பெண் சொல்லியனுப்பினாளா என்று கேட்டேன். அவர் முழித்தார். இன்னா மூட்டைம்மா, போகும்போது அவுரு குடுக்கிற காசை வாங்கினு போறேன், வரும்போது வெறுங்கையாத்தான் வர்றேன் என்றார். கடிதம் என் கையிலேயே நின்றுவிட்டது.

அம்மா செங்கமலம், நான் போடுகிறேன் என்று நீ நினைத்திருக்கிறாய், நீ அனுப்புகிறாய் என்று நான் நினைத்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் கோபமாக இருந்தோம். கார்த்திகையிலிருந்து அவருக்குச் சோறு போட்டது யாரும் இல்லை.

அவரோடு ஒரே குடிசையில் தங்குகிற கண்ணையன் என்னிடம்தான் சாப்பிடுகிறார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார். அங்கே அடுப்பு இருக்கிறதாம், சாம்பல்தான் இல்லையாம். ஆலை வாசலில் மத்தியானம் ஒரு சொம்பு கூழ் குடிப்பதோடு சரி. ராத்திரி மற்றவர்கள் இங்கே சாப்பிட வருகிற நேரத்தில் ஆற்றங்கரைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு, எல்லாரும் திரும்பின பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாராம். மனம் தாளாமல் கண்ணையன் ஒருநாள் கேட்டதற்கு, அது பால் குடுக்குற ஒடம்புடா, அது துன்னா ரெண்டு பேரு துன்ன மாதிரி என்றாராம். உனக்கு வருகிற காசு ஏன் குறையவில்லை என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கைக்குழந்தைக்காரி நீ, வந்த காசில் நல்லபடியாகச் சமைத்துச் சாப்பிட்டாய், அதைத்தான் அவரும் விரும்பினார்.

இதைக் கேட்ட ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவரை வழி மறித்து, தம்பி, சூடை மீன் குழம்பு வைத்திருக்கிறேன், ருசி பார்த்துச் சொல்லிவிட்டுப் போ என்று இலையைப் போட்டேன். இப்பதான் துன்னுட்டு வந்தேன்க்கா, வூட்டு அரிசி என்றார். சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கினார். அந்த முகத்தைப் பார்த்து நீ பொய் சொல்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா போடுகிறேன் என்று சொன்னால் இந்தப் பக்கமே வரமாட்டார், அந்தச் சுபாவம் எனக்குத் தெரியும். கண்ணையன் கையில் களி உருண்டை கொடுத்தனுப்புகிறேன். எனக்கு அதிகம், நீ கொஞ்சம் தின்னு என்று கண்ணையன் உன் வீட்டுக்காரர் பக்கம் தள்ளிப் பார்க்கிறார். ஒருநாள் தின்றார், ஒருநாள் தொடவில்லை.

நேற்று முன்தினம் மிஷின் பக்கத்தில் நிற்கும்போது தலை சுற்றிச் சாய்ந்துவிட்டாராம். கண்ணையன் பிடித்துக்கொண்டார். மேஸ்திரி பார்த்துவிட்டார். இன்னொரு தடவை சாய்ந்தால் பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் வேறு வேலை தேடலாம். சாய்கிற பக்கம் மிஷின் இருந்தால் என்ன செய்வது. எனக்கு அந்த நினைப்புத்தான் இரண்டு நாளாக.

இதைப் படித்ததும் நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வரப் பார்ப்பாய். வராதே. காசையும் திருப்பி அனுப்பாதே. தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அவர் இதைவிடப் பெரிய பொய்யாக ஒன்றைத் தேடிக்கொள்வார். நான் சொல்கிறபடி செய். வீட்டிலிருந்து வண்டியில் வருகிறது என்று சொன்னாரே, அது வரட்டும். ஒரு கோணியில் உன்னால் முடிந்த கேழ்வரகைப் போட்டு, உன் கையால் கட்டி ஏற்றிவிடு. நீ கட்டின முடிச்சு அவருக்குத் தெரியும், நான் கட்டினால் கண்டுபிடித்துவிடுவார். ஆதிமூலத்திடம் இப்படிச் சொல்லியனுப்பு: தனியாப் பொங்கினா அவுரு சரியாத் துன்னமாட்டாரு, மூட்டையை அந்த அக்காகிட்டக் குடு, அவங்களே ஆக்கிப் போடட்டும். அவர் முன்னாலேயே ஆதிமூலம் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவரால் மறுக்க முடியாது. மறுத்தால் இத்தனை நாள் வந்த மூட்டை எங்கே என்று நான் கேட்பேனே.

ஒரு படி அனுப்பினாலும் போதும், உன் பிள்ளைகள் வயிற்றில் கை வைக்காதே. மீதி என் பானையில் இருக்கிறது. எது உன் வீட்டுக் கேழ்வரகு, எது என் வீட்டுக் கேழ்வரகு என்று களி கிண்டின பிறகு யாருக்கும் தெரியாது. காசு கணக்கெல்லாம் ஆலை முழுசாக ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தபாலில் போட்டால் உன் மாமனார் கைக்குப் போய் விஷயம் உன் வீட்டுக்காரருக்கு எட்டிவிடும் என்பதால் திங்கட்கிழமை ஆதிமூலத்திடமே கொடுக்கிறேன். அடுத்த திங்களுக்கு நீ இன்னும் என்னவெல்லாம் ஏச வேண்டுமோ தாராளமாக ஏசியனுப்பு, கேட்டுக்கொள்கிறேன். வெறும் ஏச்சாக அனுப்பாதே, மூட்டையோடு அனுப்பு.

கைக்குழந்தைக்கும் மூத்ததுக்கும் என் அன்பு. தாலி அறுத்தவள் இந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்பார்கள். எனக்குத்தான் அதன் அருமை தெரியும், அதனால் எழுதுகிறேன். நீ தீர்க்க சுமங்கலியாக இரு. முடிச்சை நன்றாக இறுக்கிக் கட்டு.

இப்படிக்கு,
கனகாம்பாள்.