நீலம் போகாத பெருவிரல்

ரங்கூன், லான்மடாவ்
பிரபவ ஆண்டு, ஐப்பசி 3

சௌபாக்கியவதி அம்சவேணிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. என் உடம்பு சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி என்று இரண்டு வரி போடு. இதை வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. நீயே படி.

போன வாரம் உயில் எழுதினேன். நடந்து வந்து நின்ற என்னைப் பார்த்து ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா, உடம்புக்கு என்ன பெரியவரே என்று விசாரித்தார். நம் ஆட்கள் மூச்சு இழுக்கும்போதுதான் உயில் எழுத ஆள் அனுப்புவார்களாம். அப்படி எழுதியவர்கள் பிழைப்பதில்லை, அதனால் எழுதியதால்தான் செத்தார்கள் என்று இந்தத் தெரு முழுக்க நம்பிக்கை. உன் மாமனாரின் தம்பி சின்னத்தம்பியும் அப்படித்தான். எமனுக்கு வீட்டு நம்பரை நாமளே எழுதிக் குடுக்கணுமாடா இராமையா என்று சிரிப்பான். துறைமுகத்தில் இருபது வருஷம் மூட்டை தூக்கிக் கட்டிய பலகை வீடு அவனுடையது. கூட இருந்தவள் மா டின், உனக்குத் தலை வாரிவிட்ட அதே பர்மியப் பெண். தாலி இல்லை, பதிவு இல்லை, ஒரு மகள் மட்டும்.

அவன் செத்த காலையில் மா டின் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். ஊரிலிருந்து கப்பலில் வந்திருந்த உன் மாமனார், வீடு தனக்கே என்று தம்பி பெயரில் எழுதி வைத்திருந்த உயிலை எடுத்தார். தம்பியின் பெருவிரலை மையில் தொட்டு அழுத்தினார். கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவரைக் கூட்டிவந்திருந்தார். மற்றவன் நான். நம்ம வீடு நம்ம ஜனத்துக்குள்ளேயே நிக்கட்டும் சம்பந்தி என்றார். அதற்கு முன் அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டதில்லை. உன் கல்யாணப் பேச்சு இழுத்துக்கொண்டிருந்த மாதம். கையெழுத்துப் போட்டேன்.

குளிப்பாட்டும்போது மா டின் அந்த விரலைப் பார்த்தாள். எலுமிச்சைத் தோலால் தேய்த்தாள். போகவில்லை. இது என்ன கோ இராமையா என்று, எப்போதும் போல பர்மிய வழக்கில் அண்ணன் முறை வைத்து, கேட்டாள். துறைமுகத்துச் சாயம் என்றேன். நம்பினாள். நீலத்தோடுதான் எரித்தோம். பதினாறாம் நாளுக்குள் அவளையும் மகளையும் வெளியே இறக்கிவிட்டார்கள்.

இப்போது ஆற்றுக்கு அக்கரையில் சிரியம் ஊரில் அரிசி மில்லில் நெல் காயப்போடுகிறாள். சம்பான் படகில் ஆற்றைக் கடந்து இரண்டு முறை போய் மில் வாசலிலிருந்தே திரும்பினேன். மூன்றாம் முறை அவளே பார்த்துவிட்டாள். தேநீர் கொடுத்தாள். அம்சா சுகமா என்றாள். அன்றிலிருந்து கை கழுவும்போதெல்லாம் என் விரலைப் பார்க்கிறேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. மறுபடியும் கழுவுகிறேன்.

வரும் திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போய், சின்னத்தம்பி செத்த காலையில் நடந்ததைச் சொல்லப்போகிறேன். இது உன் கைக்கு வருமுன் சொல்லி முடித்திருப்பேன். உன்னைக் கேட்டால், சொல்லாமலிருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். எனக்கு ஜெயில் வரலாம். உன் மாமனார் என்மேல் உள்ள கோபத்தை உன்மேல் காட்டலாம். பொறுக்க முடியாமல் போனால் குழந்தையோடு கப்பலேறி வா. இந்த வீட்டை உன் பெயருக்கு எழுதியிருக்கிறேன், யாரும் உன்னை இறக்க முடியாது.

நீயும் குழந்தையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். அடைமழைக் காலம், குழந்தைக்கு வெந்நீரே கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா
இராமையா

என் கையெழுத்துக்கு இனி மதிப்பில்லை. அதனால் பக்கத்தில் பெருவிரலும் வைத்திருக்கிறேன். உயிரோடு வைத்தது.