பழைய ஷாப்பின் குறி

1931, ஆடி, திங்கட்கிழமை.

ஓராண்டுக்கு ஊரில் வேறெந்தத் தோல் பதனிடும் ஷாப்பிலும் வேலை செய்யக்கூடாது, செய்தால் பாக்கிக் கூலி கிடையாது என்றிருந்தார் பழைய முதலாளி. பாக்கி போனால் போகிறது என்று இன்று பாலாற்றங்கரை ஷாப்பில் சேர்ந்தேன். ஒவ்வொரு தோலின் கழுத்திலும் ஷாப்பின் குறியைக் கத்தியால் வெட்டுவதுதான் வேலை. சாயங்காலம் புது முதலாளி ஒரு தோலைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னாப்பா, இது அவரு குறியாச்சே?”

கட்டு முழுவதும் பழைய முதலாளியின் குறி. கை பழக்கத்தில் வெட்டியிருக்கிறது.

“இத வெச்சிருந்தா திருட்டுத் தோலும்பாங்க. நாளைக்கு வராதப்பா.”

கூலியும் தரவில்லை. வீட்டில் மேரியிடம் இன்னும் சொல்லவில்லை.

இடுப்பு விட்டுப்போகிறது. பாக்கி வைத்த அந்த மனுஷனுக்கே இன்னும் ஒரு நாள் சும்மா உழைத்துவிட்டு வந்திருக்கிறேன்.