பதிவேட்டில் உன் பெயர்

சோம்பா
11 ஜூன் 1977

லுசுங்குவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் என் இரண்டு பெண்களும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன் என எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

இதைக் கொண்டுவருபவள் மெலினா, என் சித்தப்பா மகன் ஸிகானியின் மனைவி. தபாலில் போட்டால் உனக்கு முன்னால் வேறு யாராவது படிப்பார்கள். அதனால் சோள மாவுக்குள் புதைத்துக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

நாம் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. கோயில் பாடகர் குழுவில் நீ பாடுவாய். என் கணவர் வெட்ஸன் கையசைத்து நடத்துவார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, அந்தக் கை உன் பக்கம் எத்தனை முறை திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒத்திகை நாட்களில் அவர் வீடு திரும்புவதற்குள் களி ஆறிப்போய்விடும். சூடாக்கித் தர மாட்டேன்.

பள்ளி ஆசிரியர் அறையில், நாட்டின் தலைவருக்கு என்ன வயது இருக்கும் என்று அவர் கேட்டாராம். அவ்வளவுதான், அதுவே குற்றம். அங்கே இருந்த நான்கு பேரில் ஒருவர் போலீஸிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் பூகோளப் பாடத்தின் நடுவில் வந்து அழைத்துப் போனார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. எங்கே என்று கேட்கவும் கூடாது. உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: அழுதுகொண்டிருந்த அந்த முதல் வாரத்திலும் எனக்குள் ஒரு கேவலமான நிம்மதி இருந்தது. இனி உன்னாலும் அவரைப் பார்க்க முடியாது என்று.

மூன்றாவது வாரம் போலீஸ் சிறப்புப் பிரிவு அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். நான் வறுத்துவைத்த நிலக்கடலையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தட்டச்சு செய்த தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "வீடு பள்ளிக்கூடத்தோடது, டீச்சர். ஒண்ணு, நீங்க டீச்சரா இருக்கலாம். இல்லேன்னா அவன் பொண்டாட்டியா இருக்கலாம். ரெண்டும் முடியாது."

வெட்ஸன் என்பவர் என் கணவர் அல்லர், அவரோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று அதில் இருந்தது. சின்னவளுக்கு அப்போது மலேரியாக் காய்ச்சல். கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் பொறுத்தேன். பிறகு அவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று ஸிகானி கண்டுபிடித்துச் சொன்னான். மாவட்ட அலுவலகத்தில் தட்டச்சு செய்பவனுக்கு இப்படிச் சில விஷயங்கள் தெரியவரும். அத்தை இறந்துவிட்டாள் என்று பள்ளியில் பொய் சொல்லிவிட்டு, கருவாடும் சோப்பும் கட்டிக்கொண்டு போனேன். வாசல் காவலர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இவனுக்குத்தான் ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி வந்துட்டிருக்காளே. ஒருத்தர் பேருதாம்மா எழுதலாம். நீ யாரு?"

யாருமில்லை, பக்கத்து வீட்டுக்காரி என்றேன். அவர் விரல் நின்ற இடத்தில் உன் பெயர். பக்கத்தில், மனைவி.

அப்போதுதான் நீ உள்ளேயிருந்து வெளியே வந்தாய். என்னைக் கவனிக்கவில்லை. துவைப்பதற்காக அவருடைய அழுக்குச் சட்டையைச் சுருட்டி மார்போடு பிடித்திருந்தாய். ஒரு பொத்தானை நான் பச்சை நூலில் தைத்துக் கொடுத்த சட்டை. அதை உன் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று என் கை துடித்தது. கருவாட்டோடு திரும்பி பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு நீ சிறைக்கு அருகிலேயே அறை எடுத்துத் தங்கியிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்காகவே உன்னை இன்னும் அதிகமாக வெறுத்தேன். விடுவதற்கு உன்னிடம் ஒரு வேலை மட்டும்தான் இருந்தது. உனக்கு அது எளிது. இல்லை, எளிதில்லை, தெரியும். போன மாதம் தலைவர் வந்தபோது எங்களை விமான நிலையத்தில் ஆட வைத்தார்கள். இடுப்பில் தலைவர் முகம் அச்சிட்ட துணி. வெயிலில் நான்கு மணி நேரம் பாடி ஆடினேன். அன்று வியாழக்கிழமை, சிறையில் நீ வெட்ஸனைப் பார்க்கும் நாள். இந்நேரம் அவர் என்ன சொல்லி உன்னைச் சிரிக்கவைக்கிறாரோ என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

உங்களுக்குள் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. தெரிந்துவிட்டால் இனி எழுதப்போவதை என்னால் எழுத முடியாது.

வருகிற வியாழக்கிழமை அவரை விடுகிறார்கள். பட்டியலை ஸிகானியே தட்டச்சு செய்தான். பதிவேட்டில் பெயர் இருப்பவளிடம்தான் ஒப்படைப்பார்கள். ஆனால் சென்ற முறை விடுதலையான ஆறு பேரில் நான்கு பேரை ஒரே வாரத்தில் மறுபடி பிடித்துப் போனார்கள். வீட்டில் வைத்தே பிடித்தார்கள். அதனால் அவரை இங்கே கூட்டி வராதே. வருவேன் என்று பிடிவாதம் பிடிப்பார். விடாதே.

அன்றே லிலோங்வே பஸ் ஏறி, அங்கிருந்து எல்லை ஊரான ம்சிஞ்சிக்குப் போங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் சிபாட்டாவில் என் அக்கா இருக்கிறாள். மெலினா வழி சொல்வாள். ஆளுங்கட்சி அட்டை இல்லாதவர்களை பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறந்துபோன என் அண்ணனின் அட்டை மாவுக்குள் இருக்கிறது. அந்தப் பெயரை அவர் மனப்பாடம் செய்யட்டும். நான் வர முடியாது. என் வீட்டு வாசலில் கட்சியின் இளைஞர் அணிக்காரர்கள் தினமும் வந்து நிற்கிறார்கள். நான் அசைந்தால் அவர்களும் அசைவார்கள்.

வழியில் அவருக்கு எண்ணெய்ப் பண்டம் எதுவும் வாங்கித் தராதே, வயிறு தாங்காது. இது உனக்கே தெரிந்திருக்கலாம். தெரியாது என்றே நினைத்துக்கொள்கிறேன். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காராதே. பின் இருக்கையில் உட்கார்ந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லை தாண்டும்வரை உன் கால்களை ஆண்டவர் காக்கட்டும். இதை மனதாரவே எழுதுகிறேன். அவர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் வளர்ந்துவிட்டார்கள் என்று சொல். என்னைப் பற்றிக் கேட்டால், நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. கேட்கவில்லை என்றால், லுசுங்கு, அதை எனக்கு எழுதாதே.

ஃபலேசி