ஐந்நூறாவது குலை

மார்ச் 3, திங்கள்
தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஆபீஸ், நாற்காலி, காற்றாடி! பதினேழு வருடமாகச் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கியதில் என் முட்டி இரண்டும் ஓய்வு கேட்கின்றன. ஆனால் கணக்குப் பரீட்சை உண்டாம். பரீட்சை வைக்கும் சின்னத் துரை சசிதரன், எங்கள் உதவி மேனேஜர், நீலாய் காலேஜில் பட்டம் வாங்கியவர். அதை எங்கேயாவது பயன்படுத்த வேண்டாமா? ‘சமனிலி’ என்று ஒன்று வருமாம். இந்தத் தோட்டத்தில் இருப்பதே அதுதானே.

மார்ச் 6, வியாழன்
மகளின் பழைய முதல் படிவக் கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டினேன். x எதுவரை போகலாம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கூட்டினாலும் கழித்தாலும் நடுவில் இருக்கும் ≤, ≥ குறி அப்படியே நிற்குமாம். மைனஸ் எண்ணால் வகுத்தால் மட்டும் திரும்பிக்கொள்ளுமாம். ஏன்? அதைச் சொல்லப் புத்தகத்துக்கு நேரமில்லை.

மார்ச் 9, ஞாயிறு
என்னோடு பழம் பொறுக்கும் பஞ்சாலையும் பரீட்சை எழுதப்போகிறாள். அவளுக்கும் நானே வாத்தியார், உருப்பட்ட மாதிரிதான்.

ஸ்டோரில் 200 மூட்டை உரம். நாளுக்கு 12 போகும். குறைந்தது 20 மிச்சம் இருக்க வேண்டும். எத்தனை நாள் போடலாம்? 200 − 12x ≥ 20. குறியைத் திருப்பாமல் x ≥ 15 என்று எழுதிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

“அப்ப நூறு நாளைக்குக்கூட போடலாமாக்கா?” என்றாள்.

நூறைப் போட்டுப் பார்த்தேன். ஸ்டோரில் மைனஸ் ஆயிரம் மூட்டை! நாள் கூடக் கூட மூட்டை குறைகிறது, அதனால் x ≤ 15. எந்த விடை வந்தாலும் ஓர் எண்ணைப் போட்டுப் பார் என்று அவளுக்கு உபதேசம் செய்தேன்.

மார்ச் 12, புதன்
பரீட்சை முடிந்தது. ஐந்து கேள்வி. தொட்டித் தண்ணீரை எத்தனை மணி நேரம் திறந்துவிடலாம் என்ற கணக்கு நம்ம மைனஸ் வகை. குறியைத் திருப்பி x ≤ 10 என்று எழுதினேன். அடுத்து லாரி. வெறும் லாரி 6000 கிலோ, பாரத்தோடு 16000-ஐத் தாண்டக்கூடாது, செம்பனைக் குலை ஒன்று 20 கிலோ. எத்தனை குலை ஏற்றலாம்? ஐந்நூறு வரை என்று வந்தது. ஆனால் இங்கே எவனும் கடைசிக் குலையை ஏற்றமாட்டான், பாரம் கூடினால் ரோட்டில் பிடிப்பார்கள் என்ற பயம். x < 500 என்று எழுதினேன். அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே.

மார்ச் 14, வெள்ளி
லாரியில் குலை ஏற்றும் மகேந்திரனுக்கு வேலை. ஐந்துக்கு ஐந்து. எனக்கு மூன்று. வாழ்க, வளர்க.
சும்மா நடிக்காதே விமலா. பாத்ரூம்ல ஒக்காந்து அழுதியே, அதையும் எழுது.

மார்ச் 15, சனி
விடைத்தாளோடு சின்னத் துரையிடம் போனேன். தொட்டிக் கணக்குக்கு அவர் வைத்திருந்த விடை x ≥ 10. பட்டம் குறியைத் திருப்ப மறந்துவிட்டது! நூறு மணி நேரம் போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார். காது சிவந்தது. நல்ல மனிதர், அங்கேயே எல்லார் தாளையும் திருத்தினார். மகேந்திரன் நான்கு. நானும் நான்கு.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். லாரிக் கணக்கும் சரிதான், கடைசிக் குலையை நாங்கள் ஏற்றுவதில்லை என்று வாதாடினேன்.

“ஐந்நூறு போட்டுப் பாருங்கக்கா.”

போட்டேன். சரியாகப் பதினாறாயிரம்.

“தாண்டலையேக்கா” என்றார், பாவம், மெதுவாகத்தான். அடியில் இன்னொரு தாள் இருந்தது. தொட்டியும் சரி, லாரியும் சரி, ஐந்துக்கு ஐந்து. பஞ்சாலை.

மார்ச் 16, ஞாயிறு
வேலை பஞ்சாலைக்கு என்று ஆகிவிட்டது. வாசலில் வந்து நின்றாள். “நான் வேணாம்னு சொல்லிடவாக்கா?”

சொல்லு என்று நாக்கு நுனிவரை வந்தது. வயிறு எரிகிறது, அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

“பைத்தியமாடி ஒனக்கு? போயி ஒக்காரு” என்றேன்.

மார்ச் 17, திங்கள்
காலை ஆறு மணிக்குப் பெரட்டு, வேலைக்கு வந்தவர்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது. புதுக் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். என் பெயர் வந்ததும் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இருக்கேங்க” என்றேன். அவளிடம் நான் ‘ங்க’ போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை.