அரைச் செருப்பு

தம்பிக்கு, உன் அண்ணன் வாயால் சொல்ல, மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா கையால் எழுதுவது.

பழைய சினிமாக் கொட்டகை எரிந்த வருடம் உனக்கு ஞாபகம் இருக்கும். அதே வருடம்தான் தண்ணீர்த் தொட்டி இடிந்து பள்ளிக்கூடச் சுவரில் விழுந்தது. அதற்கு அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்டைப் பெரிய சாலைக்கு மாற்றினார்கள். நம் செருப்புக் கடை முன்னால் ஜன நடமாட்டம் பாதியானது. உன் மூத்தவன் பிறந்தான். நீ சீனா போனாய். கண்டெய்னர் வந்தது. எனக்குத் தேதி சொல்லத் தெரியாது. எதற்குப் பின் எது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

இங்கே நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் அண்ணி போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. சமையல் நான்தான். உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், குறை சொல்ல ஆள் இல்லை. வீட்டுக்காரர் குழாயை மாற்றிக் கொடுத்தார். கூரை ஒழுகுவதைக் கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்பதில்லை.

போன வாரம் உன் மூத்தவன் போன் செய்தான். அவனும் சின்னவனும் சேர்ந்து சீனாவிலிருந்து குளியலறைச் சாமான் இறக்கப் போகிறார்களாம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. சாமானைக் கையில் வாங்கிப் பார்த்தாயா என்று கேட்டேன். "பெரியப்பா, சாம்பிள நானே பாத்துக்கறேன். நீங்க மட்டும் தயவுசெஞ்சு ஓகே சொல்லிடாதீங்க" என்று சிரித்தான். பின்னால் சின்னவன் சிரிப்பதும் கேட்டது. நானும் சிரித்து வைத்தேன். நல்ல பிள்ளைகள், மனதில் ஒன்றுமில்லை. பிறகு அவனே சொன்னான்: "அப்பா எல்லாம் சொல்லியிருக்காரு பெரியப்பா. உங்களுக்குப் படிக்கத் தெரியாது, பாவம். தப்பான சாம்பிள ஓகே பண்ணிட்டீங்க, அதுலதான் கடையே போச்சுன்னு."

அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையை நீதானே கற்றுக் கொடுத்தாய்? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் அப்பா காலத்திலேயே அந்த வழக்கத்தை வைத்தேன். யாரிடம் சரக்குச் சொன்னாலும் சாம்பிள் செருப்பைக் குறுக்காக இரண்டாக வெட்டுவேன். முன்பாதி செய்கிறவனிடம், பின்பாதி நம் இரும்பு அலமாரியில். சரக்கு வந்ததும் அதில் ஒன்றை எடுத்து அதையும் வெட்டுவேன். செருப்பின் மேல்பக்கம் எவனும் பொய் சொல்லலாம். வெட்டினால் உள்ளே எத்தனை அடுக்கு, எந்த ரப்பர், ஓரத்துச் சாயம் நடுவரை ஏறியிருக்கிறதா, எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். எனக்கு அதுதான் ஒப்பந்தப் பத்திரம். இருபது வருடம் ஒருவனும் என்னை ஏமாற்றவில்லை.

நீ சீனாவிலிருந்து மூன்று ஜோடி கொண்டு வந்தாய். மூன்றையும் ஒரு பகல் முழுக்க வாளித் தண்ணீரில் போட்டேன், வெயிலில் வைத்தேன், இருநூறு முறை மடக்கினேன். காப்பிப் பொடி நிறத்தில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து என் கையால் வெட்டினேன். முன்பாதியைச் சீனாக் கம்பெனியின் ஏஜென்ட் வாங்கிக்கொண்டு போனார். வெயிலிலும் குடையை மடக்காத அந்த மனிதர்தான். பின்பாதியை நான் பேப்பரில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

கண்டெய்னர் வந்த நாளைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. குடோன் வாசலில் வெளியூர்க் கடைக்காரர்கள் பதினோரு பேர் நின்றார்கள். முன்பணம் கொடுத்தவர்கள். முதல் பெட்டியைப் பிரித்ததும் மண்ணெண்ணெய் வாடை. ஒரு செருப்பை எடுத்து மடக்கினேன், பல்லி வால் மாதிரி கையோடு வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து என் பாதியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அதே ரப்பர், அதே ஒற்றை அடுக்கு. அப்போது நீ எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய்: "அண்ணே, இது நீங்க ஓகே பண்ணதுதானே? பொருந்துதே!"

பொருந்தியதுதான், தம்பி. ஆனால் பதினாறு வயதில் பஸ் படியிலிருந்து விழுந்து என் மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியது உனக்குத் தெரியும். வெங்காயம் நறுக்கினாலும் என் கத்தி இடப்பக்கம் சாய்ந்துதான் இறங்கும். என் கையில் இருந்த பாதி ஸ்கேல் வைத்தது போல நேராக வெட்டியிருந்தது. ஓரத்தில் இரும்பறுக்கும் ரம்பத்தின் பல் தெரிந்தது. நிறத்தைப் பார்த்தாய், அளவைப் பார்த்தாய், அதே பழைய பேப்பரில் சுற்றவும் செய்தாய். அண்ணனின் கோணல் கையை மறந்துவிட்டாய்.

மட்டமான சரக்கைச் சொல்லி மிச்சத்தை நீயும் குடைக்காரரும் பிரித்துக்கொண்டீர்கள் என்று அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பதினோரு பேரில் லாரி வைத்திருந்த ஒரு தடியன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறந்திருந்தால் நீ குடோனை விட்டு முழுசாக வெளியே வந்திருக்க மாட்டாய். வீட்டில் உனக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. "ஆமாப்பா, என் கண்ணுதான் ஏமாந்துடுச்சு" என்றேன். என் பக்கத்தில் நின்ற நீ மூச்சு விட்டாய். அந்த மூச்சுச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

சாயங்காலம் வருவாய் என்று காத்திருந்தேன். மறுநாள் வருவாய் என்று இருந்தேன். அடுத்த வருடம் குடும்பத்தோடு வெளிநாட்டுக்கு விமானம் ஏறும் நாளில் வந்தாய். "உடம்பப் பாத்துக்கங்கண்ணே" என்றாய். பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விற்ற கொஞ்சம் செருப்பும் ஒரு மழையில் அடி கழன்றது. ஜனங்கள் அதைக் கொண்டு வந்து என் வீட்டு வாசலில் போட்டார்கள். சண்டை இல்லை, ஏச்சு இல்லை, போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு காலையில் கதவைத் திறக்க முடியாமல் உன் அண்ணி உள்ளேயிருந்து தள்ளினாள். முன்பணத்துக்காகக் குடோனும் கடையும் போயின. சிமெண்டுக் கடையில் காவலுக்குச் சேர்ந்தேன். அங்கே என் பெயர் 'அரைச்செருப்பு'. "யோவ் அரைச்செருப்பு, இன்னொரு பாதி எங்கய்யா, சீனாவிலேயா?" என்று லோடு இறக்குகிறவர்கள் கேட்பார்கள். பத்தொன்பது வருடம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன். முதலாளி சம்பளக் கவரில் எழுதியிருந்ததும் அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. அலமாரிச் சாவி உன் அண்ணியின் இடுப்பில்தான் இருக்கும். நீ எப்படித் திறந்தாய்? அவளைக் கேட்க எனக்குப் பயம். என்ன பதில் வருமோ என்ற பயம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவளே சொன்னாள். "உங்க தம்பி வந்து, அண்ணன் எடுத்துட்டு வரச் சொன்னாருன்னான். நான்தாங்க தொறந்து விட்டேன். மறுநாளே திரும்பக் கொண்டாந்து வச்சுட்டான். பெட்டி பிரிச்ச அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. சொன்னா நீங்க என்னை வச்சிருப்பீங்களான்னு பயந்துட்டேன்" என்றாள். ரம்பத்தின் பல்லை நான் அவளிடம் சொன்னதில்லை, சாவியை அவள் என்னிடம் சொன்னதில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில், இத்தனை வருடம் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கு ஒருவர் மறைத்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். அழுகை வரவில்லை. உன் மேல் கெட்ட வார்த்தைதான் வந்தது. அதை எழுத மாட்டேன் என்கிறார் டைப்பிஸ்ட் அம்மா. நீயே போட்டுப் படித்துக்கொள்.

எனக்குக் கடை வேண்டாம், நீ எதுவும் அனுப்பவும் வேண்டாம். உன் பிள்ளைகளை எதிரே உட்கார வைத்து இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டு. அவ்வளவுதான். போனில் நானே சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் கிழவன் புலம்பல். அப்பன் வாயால் வந்தால்தான் அது அவர்களுக்கு உண்மை. பெரியப்பா ஏமாந்தவன் இல்லை என்று அந்த இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும், ஊருக்குத் தெரிய வேண்டாம்.

அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் நீ எதையாவது விட்டுவிடுவாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆயுசு முழுக்க மற்றவர்கள் படிக்கக் கேட்டவன் நான். நேராகப் போகிற குரல் ஓர் இடத்தில் தட்டும், உடனே கொஞ்சம் வேகமாகும். அங்கே ஒரு வரி போயிருக்கும். பேங்கு ஆள் படித்தபோதும், ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தபோதும் அப்படித்தான். இதுவரை எழுதியதைக்கூட டைப்பிஸ்ட் அம்மாவை இரண்டு முறை படிக்கச் சொன்னேன், பிறகு இஸ்திரிக்காரரிடம் கொண்டுபோய் இன்னொரு முறை படிக்க வைத்தேன். அந்த அம்மாவுக்கு அதில் கோபம்தான். பரவாயில்லை.

அதனால்தான் உறையின் மேல் உன் பெயரைப் போடச் சொல்லவில்லை.

உன் அண்ணி இன்னொன்றும் சொன்னாள். அலமாரியைத் திறந்தபோது நீ தனியாக வரவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் மனைவியும் வந்தாள். "வேணாங்க, பெரியவரு பாவங்க" என்று உன் சட்டையைப் பிடித்தாளாம், நீ உதறினாயாம். எதற்கு என்று உன் அண்ணிக்கு அப்போது விளங்கவில்லையாம். அந்த ஒரு 'பாவம்' மட்டும் எனக்கு வலிக்கவில்லை.

பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அவர்கள் இறக்கும் சரக்கு சொன்னபடியே வரட்டும். இப்படிக்கு என்று சொல்லிப் பெருவிரலை வைத்துவிட்டேன். கீழே இருப்பது உறையைப் பிரித்த உன் மனைவிக்கு.

அம்மா, உன்னிடம் நேருக்கு நேர் நான் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அவன் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள். குரல் வேகமாகும் இடத்தில் நிறுத்தச் சொல். குடைக்காரர் போன மழைக்காலத்தில் போய்விட்டார். உன் அக்கா, என் வீட்டுக்காரி, போய்விட்டாள். அந்த அலமாரி விஷயம் தெரிந்தவர்களில் அவனை விட்டால் உயிரோடு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான், அன்று அதன் முன்னால் நின்று வேண்டாம் என்று சொன்னவளும் நீ ஒருத்திதான், அம்மா.